நீல முக்கோணம் தேனீக்குத் தெரியாது!

பின்பக்கம் படிங்க – வாரம் ஒரு லேபிள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோக்கள் வந்தன. முதல் போட்டோவில் மொட்டைமாடிப் பந்தலில் படர்ந்த பாகல் கொடியின் நுனி. பச்சையே தெரியாத அளவுக்கு அசுவினி அப்பியிருந்தது. இரண்டாவதில், உரக்கடையில் வாங்கி வந்த 5 கிராம் பாக்கெட். மூன்றாவது, அந்தப் பாக்கெட்டில் அச்சடித்திருந்த சாய்சதுரத்தின் க்ளோஸ்-அப். கீழ்ப்பாதி முக்கோணம் நல்ல நீல நிறம். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“ஏங்கண்ணு, நீலக் கலருதான போட்டிருக்குது? கடைக்காரரு ஒண்ணும் பண்ணாதுங்கறாரு. தெனம் காலைல தேனீ வருதில்ல, அதுகளுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

‘ஆகாதும்மா’ என்று டைப் செய்துவிட்டு, அனுப்புவதற்கு முன் கையை எடுத்துவிட்டேன். வாரா வாரம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று உங்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், பெற்ற தாய்க்குப் படிக்காமல் பதில் சொல்லலாமா? “அம்மா, உள்ளே மடிச்சு வச்சிருக்கிற பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் அடிக்காதே” என்றேன். அந்தப் பேப்பரில் இருந்து தொடங்கியதுதான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் அந்த நிறத்தைப் பார்த்துவிடலாம். பூச்சிமருந்துப் பாக்கெட்டுகளில் வரும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு நிறங்களும் நம் நாட்டின் 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் சொல்லப்பட்டவை. சிவப்பு கடும் விஷம். பச்சை, இருப்பதிலேயே குறைந்தது. நிறத்தைத் தீர்மானிப்பது ஒரு சோதனை. எலி மாதிரியான விலங்குக்கு மருந்தை வாய்வழியாகக் கொடுத்து, எந்த அளவில் பாதி விலங்குகள் சாகின்றன என்று பார்ப்பார்கள். தோலில் பட்டால் என்ன ஆகிறது என்பதற்கும் தனி அளவு உண்டு. வாய்வழி அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கும் மேலே போனால் பச்சை.

அதாவது அந்த முக்கோணம் மனிதர்களுக்கானது. மருந்தைக் கலக்குபவர், அடிப்பவர், அலமாரியைத் திறந்து பார்க்கும் குழந்தை ஆகியோருக்கான எச்சரிக்கை அது. மிக அவசியமானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த நிறத்தை முடிவுசெய்யும்போது தேனீயை யாரும் கேட்பதில்லை.

அம்மா வாங்கியது தயாமீத்தாக்சம் 25 சதவிகிதம் கலந்த குருணை. இதன் மூலப்பொருளுக்கு எலியில் பார்த்த வாய்வழி அளவு, கிலோவுக்கு 1,563 மில்லிகிராம். நீல வரம்பின் நடுவில் சௌகர்யமாக உட்காரும் எண். கடைக்காரர் சொன்னது மனிதர்களைப் பொறுத்தவரை பெரிய பொய் இல்லை.

அதே பொருளுக்குத் தேனீயில் பார்த்த அளவும் இருக்கிறது. உடம்பில் பட்டால் ஒரு தேனீக்கு 0.024 மைக்ரோகிராம்.

இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்திருந்ததைப் பார்த்த ஆபீஸ் நண்பர் ஒருவர், “0.024 சின்ன நம்பர்தானே, அப்போ சேஃப்!” என்றார். நிறைய பேர் சறுக்கும் இடம் இது. இங்கே எண் சின்னதாக ஆக ஆக விஷம் பெரிதாகிறது. கொல்வதற்கு அவ்வளவு கொஞ்சம் போதும் என்று அர்த்தம். சமையலறைத் தூள் உப்பில் ஒரே ஒரு பரலை எடுத்தால், தோராயமாக 60 மைக்ரோகிராம் இருக்கும். அதை 2,500 துண்டாக்கி, அதில் ஒரு துண்டை எடுத்தால் 0.024.

ஒரு தேனீயின் எடை சுமார் 100 மில்லிகிராம். அதை வைத்து இந்த எண்ணைக் கிலோ கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன்: கிலோவுக்கு 0.24 மில்லிகிராம். எலி எண்ணோடு ஒப்பிட்டால் சுமார் 6,500 மடங்கு வித்தியாசம். ஒன்று வாய்வழி, இன்னொன்று தொடுவழி என்பதால் கறாரான ஒப்பீடு இல்லை; ஆனாலும் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்பது புரியும். தேனீக்கள் தங்களுக்கென்று ஒரு முக்கோணம் வரைந்தால், இந்தப் பாக்கெட்டுக்குச் சிவப்பே போதாது. சிவப்பின் தொடக்கமான 1 மில்லிகிராமுக்கும் கீழே இருக்கிறது அது.

இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம், இந்த வகை மருந்துகள் நரம்புகளுக்கு இடையே தகவல் கடத்தும் ஓர் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்வதுதான். பூச்சிகளின் ஏற்பியில் அவை இறுக்கமாக ஒட்டும். பாலூட்டிகளின் ஏற்பியில் அவ்வளவாக ஒட்டாது. அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆனால் அசுவினியும் பூச்சி, தேனீயும் பூச்சி. நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்பதெல்லாம் நாம் வைத்த பெயர்தானே!

முதுகில் ஒரு துளி

அந்த 0.024 எப்படி வந்தது என்று தேடியபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான ஆர்வம் பிடித்தது. உலகின் பல நாடுகள் ஒப்புக்கொண்ட ஒரு செய்முறை இதற்கு இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, அதாவது ஓ.இ.சி.டி., 1998 செப்டம்பரில் வெளியிட்ட 214-ம் எண் சோதனை வழிகாட்டி. ‘தேனீக்கள்: உடனடித் தொடுநச்சுச் சோதனை’ என்று தமிழில் சொல்லலாம். படித்துப் பார்த்தால், பாட்டி சொல்லும் ஊறுகாய்ப் பக்குவம் மாதிரி அவ்வளவு நுணுக்கம்.

தேனீக்களை எடுப்பதிலேயே ஏகப்பட்ட நிபந்தனைகள். நோய் இல்லாத, நன்றாகத் தீனி கிடைத்த, ராணி இருக்கிற குடும்பமாக இருக்க வேண்டும். எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுள்ள இளம் வேலைக்காரத் தேனீக்களாக இருக்க வேண்டும். புழு இல்லாத அடையிலிருந்து எடுப்பது நல்லது. பெட்டிக்கு ஏதாவது நோய்க்கோ உண்ணிக்கோ மருந்து கொடுத்திருந்தால், கொடுத்து முடித்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். குளிர்காலம் முடிந்த உடனேயோ, இலையுதிர்காலத்தின் கடைசியிலோ எடுக்கக் கூடாது. அப்போது அவற்றின் உடல்வாகே வேறு.

சோதனை நடக்கும் அன்று காலையிலோ முதல் நாள் மாலையிலோ பிடித்து வருகிறார்கள். ஒரு சின்னக் கூண்டுக்கு 10 தேனீ. கார்பன் டை ஆக்சைடு வாயுவை, எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாகக் காட்டி மயங்க வைக்கிறார்கள். மயங்கிக் கிடக்கும் தேனீ ஒவ்வொன்றின் முதுகிலும், இறக்கைகள் முளைக்கும் அந்த நடுப்பகுதியில், நுண்ணிய ஊசியால் 1 மைக்ரோலிட்டர் துளி வைக்கப்படுகிறது. கண்ணுக்கு மருந்து விடும் சொட்டு இருக்கிறதே, அதில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. துளியில் இருப்பது பெரும்பாலும் அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கப் பயன்படுத்துவோமே அதே திரவம். அதில்தான் மருந்து கரைக்கப்பட்டிருக்கும். அசிட்டோன் ஆவியாகிப் போய்விட, மருந்து மட்டும் முதுகில் தங்கிவிடும்.

தேனீக்கள் மயக்கம் தெளிந்து எழுகின்றன. கூண்டில் சர்க்கரைப் பாகு, வேண்டிய அளவு. 25 டிகிரி வெப்பம், இருட்டு அறை. பிறகு காத்திருப்புதான். 4 மணி நேரத்தில் ஒரு முறை, 24 மணி நேரத்தில் ஒரு முறை, 48 மணி நேரத்தில் ஒரு முறை எண்ண வேண்டும். செத்தவை எத்தனை என்பதோடு, உயிரோடு இருப்பவை எப்படி இருக்கின்றன என்பதையும் குறிக்க வேண்டும்: தள்ளாடுகிறதா, நடுங்குகிறதா, மல்லாந்து கிடந்து காலை உதைக்கிறதா என்றெல்லாம். இரண்டாம் நாளில் சாவு ஏறிக்கொண்டே போனால், 96 மணி நேரம் வரை நீட்டலாம்.

குறைந்தது ஐந்து வெவ்வேறு அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் மூன்று கூண்டு, 30 தேனீ. இது போக மருந்தே படாத 30, வெறும் அசிட்டோன் மட்டும் பட்ட 30. இந்தக் கூண்டுகளில் பத்து சதவிகிதத்துக்கு மேல் செத்தால் மொத்த சோதனையும் செல்லாது. தேனீக்களுக்கு ஏற்கெனவே ஏதோ சரியில்லை, சாவை மருந்தின் கணக்கில் எழுத முடியாது என்பதுதான் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருகிறது. சந்தேகப்படும் மருந்தோடு, சந்தேகமே இல்லாத ஒரு விஷத்தையும் கூடவே சோதிக்க வேண்டும். வழக்கமாக அது டைமீத்தோயேட். நம் விவசாயிகளுக்கு ‘ரோகர்’ என்ற பெயரில் பல காலமாகப் பழக்கமான அதே மருந்துதான். அது ஒரு தேனீக்கு 0.10 முதல் 0.30 மைக்ரோகிராமுக்குள் பாதியைக் கொல்ல வேண்டும். கொல்லாவிட்டாலோ, அதைவிடக் குறைவிலேயே கொன்றாலோ, தராசில் கோளாறு என்று அர்த்தம். மளிகைக் கடையில் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது போல இங்கே தெரிந்த விஷத்தை வைத்துத் தேனீயைச் சரிபார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் டைமீத்தோயேட்டுக்கு 2019-ல் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. வயலிலிருந்து போனாலும் சோதனைக்கூடத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

தெரிந்த விஷத்துக்கு மூன்று அளவுகள் என்றால் 90 தேனீ. எல்லாம் கூட்டினால் ஒரு மருந்துக்கு, ஒரு சோதனைக்கு, 300 தேனீக்கள். ஒரு நல்ல பெட்டியில் இருபதாயிரத்துக்கு மேல் இருக்கும் என்பதால் பெட்டிக்கு இது பெரிய இழப்பில்லை. இருந்தாலும், மயங்கிக் கிடக்கும் ஒன்றின் முதுகில் துளி வைக்கும் அந்த வேலையை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்த 300 சாகவில்லை என்றால் இந்த எண்ணே நமக்குக் கிடைத்திருக்காது என்பதும் உண்மை.

கடைசியில் எல்லா அளவுகளையும் சாவு எண்ணிக்கையையும் ஒரு கோட்டில் பொருத்தி, பாதி சாகும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குப் பெயர் எல்.டி.50. 1927-ல் ட்ரெவன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கொண்டுவந்த யோசனை. பாதியை ஏன் பிடித்தார்? ஒரு கூட்டத்தில் முதலில் விழும் பலவீனமானதும், கடைசி வரை நிற்கும் முரட்டு ஜீவனும் ஒவ்வொரு சோதனையிலும் மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் இருப்பவைதான் அதிகம் மாறாது. இன்னொரு சோதனைக்கூடத்தில் செய்தாலும் ஏறக்குறைய அதே எண் வரும்.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த எண்ணை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கிறது. 2 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் தேனீக்கு அதிக நச்சு. 2 முதல் 11-க்குள் நடுத்தரம். 11-ம் அதற்கு மேலும், ‘நடைமுறையில் நச்சில்லை’. நம் பாக்கெட் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தெளிப்பானில் இருக்கும் துளி

சரி, சோதனைக்கூடத்துத் துளிக்கும் மாடியில் அடிக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த மருந்துக்குப் பல பயிர்களில் சொல்லப்படும் அளவு, ஹெக்டேருக்கு 100 கிராம். அதில் மூலப்பொருள் 25 கிராம். 500 லிட்டர் தண்ணீரில் கலந்தால், லிட்டருக்கு 50 மில்லிகிராம். அந்தக் கலவையிலிருந்து ஒரே ஒரு மைக்ரோலிட்டரை, அதாவது சோதனைக்கூடத்தில் முதுகில் வைத்த அதே அளவுத் துளியை எடுத்தால், அதில் 0.05 மைக்ரோகிராம் இருக்கிறது. பாதித் தேனீக்களைக் கொல்ல 0.024 போதும். ஆக, விதிப்படி சரியாகக் கலந்த தெளிப்பானிலிருந்து ஒரு நுண்துளி நேராகப் பட்டாலே இரண்டு பங்கு.

‘விதிப்படி’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அம்மாவுக்குக் கடையில் சொன்னது, “லிட்டருக்கு ஒரு சிட்டிகை.” ரசத்துக்குப் பெருங்காயம் போடலாம் அப்படி.

ஐரோப்பாவில் வெகுகாலம் பயன்படுத்திய ஒரு எளிய கணக்கும் உண்டு. ஹெக்டேருக்கு எத்தனை கிராம் மூலப்பொருள் அடிக்கிறோமோ, அதை அந்த எல்.டி.50 எண்ணால் வகுக்க வேண்டும். விடை 50-க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு. தாண்டினால், கூடுதலாகச் சோதிக்க வேண்டும். 25-ஐ 0.024-ஆல் வகுத்தால் 1,041.

இப்போது இன்னொரு மருந்தை எடுத்துக்கொள்வோம். அசிட்டாமிப்ரிட். இதுவும் அதே நியோனிக்கோட்டினாய்டு குடும்பம்தான், நம் ஊரில் பருத்தி வெள்ளை ஈக்கு ஹெக்டேருக்கு 20 கிராம் மூலப்பொருள் வரை அடிக்கிறார்கள். எலியில் பார்த்த அதன் அளவு 51-க்கும் 500-க்கும் இடையில் வருகிறது. அதாவது மஞ்சள் வரம்பு. மனிதக் கணக்கில் தயாமீத்தாக்சத்தைவிட மோசமானது. தேனீக் கணக்கில்? தொடுவழி 8.1 மைக்ரோகிராம். 20-ஐ 8.1-ஆல் வகுத்தால் இரண்டரைகூட வரவில்லை.

நீல வரம்பில் இருப்பதைவிட மஞ்சள் வரம்பில் இருப்பது தேனீக்கு 300 மடங்குக்கு மேல் சாது! நிறத்தைப் பார்த்து ‘குறைந்த விஷம்’ என்று தேனீயை நினைத்து வாங்கியிருந்தால், சரியாகத் தலைகீழாக வாங்கியிருப்போம்.

(“அப்போ மஞ்சளையே வாங்கிடலாமா?” என்று கேட்காதீர்கள். அதை அடிக்கும்போது மூச்சில் இழுப்பது நீங்கள்.)

இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. அசிட்டாமிப்ரிட் தேனீயிடம் சாதுவாக இருப்பதற்குக் காரணம், தேனீயின் உடலில் இருக்கும் நொதிகள் அதைச் சீக்கிரம் உடைத்துவிடுவதுதான். 2004-ல் இவாசாவும் உடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், அந்த நொதிகளுக்குத் தடைபோடும் பொருட்களையும் சேர்த்துச் சோதித்தார்கள். அதில் ஒன்று ப்ரோபிகோனசோல் என்ற பூஞ்சணக்கொல்லி. அதைச் சேர்த்ததும் அசிட்டாமிப்ரிட்டின் நச்சு 105 மடங்கு கூடியது. ட்ரைஃப்ளுமிசோல் என்ற இன்னொரு பூஞ்சணக்கொல்லியைச் சேர்த்தபோது 244 மடங்கு.

இது சோதனைக்கூட எண்தான்; வயலில் அதே மடங்கு இருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் இதை நான் சும்மா கடந்துபோக முடியவில்லை. கூலி மிச்சம் என்று பூச்சிமருந்தையும் பூஞ்சண மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கும் வழக்கம் நம் ஊரில் எவ்வளவு சாதாரணம்! 214-ம் எண் சோதனையில் பொதுவாக ஒரு மருந்து தனியாகத்தான் முதுகில் ஏறுகிறது. டேங்கில் நாம் கலப்பதை எந்தக் கூண்டிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எண் சரி, பாதை தப்பு

2008 வசந்த காலம். ஜெர்மனியின் தென்மேற்கில், ரைன் நதிப் பள்ளத்தாக்கில் மக்காச்சோள விதைப்பு. விதைகளின் மேல் குளோத்தியானிடின் என்ற மருந்து பூசப்பட்டிருந்தது. மண்ணுக்குள் போகிற விதை, பூவே இல்லாத நேரம், தேனீ எங்கே வரப்போகிறது என்பதுதான் கணக்கு. ஆனால் சில விதைகளில் பூச்சு சரியாக ஒட்டவில்லை. உரசலில் உதிர்ந்த பொடியைக் காற்றழுத்தத்தில் இயங்கும் விதைப்பு இயந்திரங்கள் வெளியே ஊதித் தள்ளின. பக்கத்துக் கடுகு வயல்களிலும் பழமரங்களிலும் பூத்திருந்த பூக்களின் மேல் அந்தப் பொடி போய்ப் படிந்தது.

பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்தன. சுமார் 700 பேருடைய 11,500 தேனீக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. செத்த தேனீக்களைச் சோதித்த ஜூலியஸ் கியூன் நிறுவனம் அவற்றில் குளோத்தியானிடினைக் கண்டுபிடித்தது. அந்த மே மாதமே அந்த விதைப் பூச்சு மருந்துகளின் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது.

குளோத்தியானிடினின் தொடுவழி அளவு 0.044 மைக்ரோகிராம். இந்த விபத்துக்குப் பிறகு புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை இது. கூண்டில் இருந்த தேனீக்கள் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் செத்திருந்தன. மருந்து தேனீயைத் தொடவே தொடாது என்று மனிதர்கள் போட்ட பாதைக் கணக்கில்தான் ஓட்டை விழுந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் இமிடாகுளோப்ரிட், குளோத்தியானிடின், தயாமீத்தாக்சம் மூன்றையும் தேனீ தேடி வரும் பயிர்களில் கட்டுப்படுத்தியது. 2018-ல் திறந்தவெளியில் மூன்றையும் முழுக்கத் தடைசெய்தது. அப்போது மூடிய பசுமைக்குடிலுக்குள் மட்டும் அனுமதி இருந்தது. அம்மாவின் மொட்டைமாடி அந்த வரையறைக்குள் வராது.

செத்ததை எண்ணலாம், தொலைந்ததை?

தொடுநச்சுச் சோதனையால் சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன. தயாமீத்தாக்சம் செடிக்குள் ஊடுருவிப் போகும் மருந்து. வேரில் ஊற்றினாலும், இலையில் அடித்தாலும், சாற்றோடு சேர்ந்து தேனிலும் மகரந்தத்திலும் கொஞ்சம் வந்துவிடலாம். தேனீக்கு அது வாய்வழியாகப் போகும். வாய்வழி அளவு இன்னும் குறைவு, 0.005 மைக்ரோகிராம், அதாவது 5 நானோகிராம். அதற்கென்று 213-ம் எண் சோதனை தனியாக உண்டு.

பிரான்ஸில் மிக்கேல் ஹென்றியும் குழுவினரும் 2012-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தேனீக்களின் முதுகில் மைக்ரோசிப் ஒட்டினார்கள். பெட்டி வாசலில் அதைப் படிக்கும் கருவி. சூப்பர் மார்க்கெட்டில் பார்கோடு ‘பீப்’ அடிப்பது மாதிரி, உள்ளே வரும் ஒவ்வொரு தேனீக்கும் கணக்கு. சர்க்கரைப் பாகில் 1.34 நானோகிராம் தயாமீத்தாக்சம் கொடுத்து, பெட்டியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். கொல்லும் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கூண்டில் இருந்திருந்தால் ‘உயிரோடு இருக்கிறது’ என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அவற்றில் பல வீடு திரும்பவில்லை. மருந்து கொடுக்காத தேனீக்களோடு ஒப்பிட்டு மட்டுமே பார்த்தால், கூடுதலாகத் தொலைந்தவை 10 முதல் 32 சதவிகிதம் வரை. தெரிந்த இடம் என்றால் குறைவு, புதிய இடம் என்றால் அதிகம்.

பெட்டிக்கு முன்னால் பிணமாகக் கிடந்தால் மருந்து என்று சந்தேகம் வரும். வெளியே போனது வரவே இல்லை என்றால் யாரைக் கேட்பது?

இந்த ஓட்டைகளை அடைக்கப் பிறகு வேறு சோதனைகளும் வந்தன. 2013-ல் புழுக்களுக்கு, 2017-ல் பத்து நாள் தொடர்ந்து தின்னக் கொடுத்துப் பார்க்கும் சோதனை. அதே ஆண்டு பம்பிள் தேனீக்கும் தனியாக ஒரு தொடுநச்சுச் சோதனை. நம் மாடிக்கு வருகிற அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத் தேனீ எல்லாமே 214-ம் எண் சோதனையில் உட்காரும் இத்தாலியத் தேனீயைவிட உருவத்தில் சிறியவை. கொசுத் தேனீ ரொம்பவே சிறியது. இத்தாலியத் தேனீயின் எண்ணை அப்படியே எடுத்து அவற்றின் முதுகில் ஒட்டுவதற்கில்லை.

இத்தனையும் படித்த பிறகு அம்மாவின் பேப்பருக்குத் திரும்பினேன். எறும்பு எழுத்தில், எட்டாக மடித்த தாள். போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. தேனீக்களுக்கு நச்சு, பூக்கும் நேரத்தில் தெளிக்க வேண்டாம் என்று ஒரு வரி இருக்கத்தான் செய்தது. பயிர்ப் பட்டியலில் நெல், பருத்தி, வெண்டை, கத்திரி, தக்காளி இருந்தன. பாகல் இல்லவே இல்லை. அதாவது அந்தச் செடிக்கு அந்த மருந்தே கிடையாது. முன்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் அடிக்க இடமிருக்கிறது. தேனீக்கான வரிக்கு உள்ளே மடித்த தாளில்தான் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு இதில்தான் கோபம்.

அம்மாவுக்கு போன் போட்டேன். “அம்மா, பாகல்ல ஆண்பூ வேற, பெண்பூ வேற. தேனீ வரலைன்னா உனக்குக் காயே வராது. அந்த மருந்து வேண்டாம்.”

“அப்ப சாயங்காலமா அடிச்சாலுமா? காலைலதான பூப்பூக்குது?”

நல்ல கேள்வி. பட்டதும் கொன்று, இரவுக்குள் வீரியம் இழந்துவிடும் மருந்துக்கு அந்த யோசனை ஓரளவு உதவும். செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்துக்கு நேரம் பார்த்துப் பயனில்லை. அதோடு, மாலை எல்லாப் பூவுக்கும் ஓய்வு நேரமும் இல்லை. பக்கத்துத் தொட்டியில் அம்மா வைத்திருக்கும் பீர்க்கு மாலையில்தான் பூக்கும்.

கடைசியில் அசுவினி அப்பிய நுனிகளைக் கிள்ளி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டார். மிச்சத்தைக் குழாயில் பீய்ச்சி அடித்துவிட்டார். இரண்டு நாள் விட்டு மறுபடியும். மாடித்தோட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு ஏக்கர் போட்டிருக்கும் விவசாயிக்கு நுனி கிள்ளச் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குத் தேவை, கடையில் வாங்கும்போதே கண்ணில் படுகிற மாதிரி முன்பக்கத்தில் ஒரு தேனீப் படம், பக்கத்தில் அந்த எண்.

பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் மறுத்துவிட்டார். பிரிக்காத பாக்கெட்தான். உள்ளே 1.25 கிராம் மூலப்பொருள்; 0.024 மைக்ரோகிராம் கணக்கில் வகுத்தால் 5 கோடிக்கும் மேல் வருகிறது. இப்போதைக்கு அது குழந்தைகள் கைக்கு எட்டாத பரணில், டப்பாவுக்குள் டப்பாவாக இருக்கிறது. சாக்கடையில் கொட்டக் கூடாது என்றும் அதே தாளில் இருந்தது.

உங்கள் வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து பாக்கெட்டின் உள்தாளில் தேனீ பற்றி ஏதாவது இருக்கிறதா? போட்டோ எடுத்து கமென்ட்டில் போடுங்கள். பெரிதாக்கிப் படிக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வாரம், கொசுவத்தி அட்டைப்பெட்டியின் பின்பக்கம்.